பிள்ளை ராசியில் வந்த வெந்நீர்

பிள்ளை பெற்று நாற்பதாம் நாள், தீட்டுக் கழியக் குளித்த அன்று விடியற்காலையில் வாய் கொப்பளித்த தண்ணீரின் ருசி இன்னும் என் நாக்கை விட்டுப் போகவில்லை.

வெளியே தேயிலைச் செடிகளின் மேல் உறைபனி விழுந்திருந்தது. சமையலறை மூலையில் குழாய். முக்காட்டைச் சரி செய்துகொண்டு அதைத் திறந்தேன். அது இரண்டு முறை இருமியது, பிறகு ஆவி பறக்க வெதுவெதுப்பாகத் தண்ணீர் விழுந்தது. பிள்ளை பெற்ற பிறகு முதல் சுபுஹுத் தொழுகை. அந்தக் குளிரில் அல்லாஹ்வே எனக்கு வெந்நீர் போட்டு வைத்திருக்கிறான் என்று மனசு நிறைந்துபோயிருந்தது.

கையைக் கழுவினேன். ஒரு வாய் அள்ளிக் கொப்பளித்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

வழவழவென்று இருந்தது. துணிச் சோப்பைக் கரைத்து வாயில் ஊற்றியது போல. அடியில் துருவின் ருசியும் இருந்தது. துப்பிவிட்டு விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தேன். வழுக்கியது.

உள்ளறையில் யூசுப் முனகினான். நாற்பது நாள் பிள்ளை வீட்டைக் கூரையோடு தூக்க வேண்டாமா? ஒரு வாரமாக அவனுக்கு அந்த முனகல்தான். வயிறு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. வாய் ஓரம் புண்ணாகி, உச்சிக்குழி உள்ளே இறங்கியிருந்தது. எல்லோரும் கண்ணேறு என்றார்கள்.

பத்து நாளாக இந்தத் தண்ணீரில்தான் அவனுக்குச் சர்க்கரை கலக்கிக் கொடுக்கிறோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

குழாய் வைத்த வீடு

வெள்ளைக்காரன் ஜெர்மன்காரனோடு சண்டையில் இருந்த காலம். குன்னூருக்கு மேலே ஓர் எஸ்டேட். என் வீட்டுக்காரருக்குத் தேயிலை ஃபேக்டரியில் ஸ்டோர் கீப்பர் வேலை. ஆணி, எண்ணெய், கயிறு, பெல்ட் எல்லாம் அவர் கையெழுத்தில்தான் வெளியே போகும். மனிதர் நல்லவர். ஆனால் துரையின் நாய் குரைத்தால்கூட எழுந்து நிற்பார்.

ஃபேக்டரிக்குப் பின்னாலேயே எங்கள் குவார்ட்டர்ஸ். குன்னூர் பஜாரில் அத்தா கடைக்குப் பின்புறம் வளர்ந்த எனக்கு, வீட்டுக்குள்ளேயே குழாய் என்பது பெரிய ஆடம்பரம். பஜாரில் தெருக்குழாய்க்கு முன்னால் குடத்தோடு கொஞ்சம் வாயையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். நான் இரண்டிலும் குறை வைத்ததில்லை.

மேலே சோலையில் ஓர் ஊற்று. அங்கே ஒரு தொட்டி கட்டி, அதிலிருந்து ஒரே இரும்புப் பைப் கீழே இறங்கும். ஃபேக்டரிக்குக் கொஞ்சம் முன்னால் அது இரண்டாகப் பிரியும். ஒன்று ஃபேக்டரி பாயிலருக்கு, இன்னொன்று எங்கள் வீடுகளுக்கு. மேலிருந்து கீழே வரும் தண்ணீர், யார் திறந்தாலும் ஊற்றுத் தண்ணீர். யாரும் அதற்கு மேல் யோசித்ததில்லை. பச்சைத் தண்ணீர் என்றால் சாதாரணப் பச்சை அல்ல. மார்கழியில் கை வைத்தால் விரல் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

யூசுப் பிறந்து சில நாளில் அந்தத் தண்ணீர் சூடாக வர ஆரம்பித்தது.

விடியற்காலையில் மட்டும்தான். ஃபேக்டரி ஓடத் தொடங்கிவிட்டால் மறுபடியும் ஐஸ். முதலில் பார்த்தவர் பக்கத்து வீட்டுச் சரசக்கா, ஹெட் கிளார்க்கின் மனைவி. பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், நாற்பது தாண்டியவர், பிள்ளை இல்லை. சண்டைக் காலத்தில் கடையை விட்டு என் பிறந்த வீட்டார் மேலே வந்து தங்க முடியாதபோது, எனக்குப் பேறு பார்த்தது முதல் பத்தியச் சாப்பாடு வரை அவர்தான். அந்தக் காலத்தில் ஒரு கவுண்டர் வீட்டு அம்மா ராவுத்தர் வீட்டுப் பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினார் என்றால் சமவெளியில் நம்ப மாட்டார்கள். மலையில் குளிருக்கு முன்னால் எல்லோரும் ஒரு சாதி.

"அம்மிணி, உம் பையன் ராசியப் பாரு," என்றார் அன்றைக்கு. "வெறகு பத்த வெக்காமலே வெந்நி வருது. மகராசன் வரும்போதே கொண்டாந்துட்டான்."

அவ்வளவுதான். வரிசை வீடு முழுக்க அது பிள்ளை ராசி ஆகிவிட்டது.

பருப்பும் தேத்தண்ணியும்

இந்தக் கதையை நான் எங்கே சொன்னாலும், "ஒருத்தருக்குமா சந்தேகம் வரவில்லை?" என்று கேட்கிறார்கள். சமவெளிக்காரர்களின் கேள்வி அது. உறைபனிக் காலையில் விறகு ஈரமாக இருக்கும்போது குழாயில் வெந்நீர் வந்தால், நீங்கள் காரணம் கேட்பீர்களா, குடம் எடுப்பீர்களா? தானத்துக்கு வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று ஒரு பழமொழியும் கையில் இருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. ஆபீஸில் சொன்னால் துரை நிறுத்திவிடுவார் என்ற பயம். ஏன் வருகிறது என்று தெரியாது, ஆனால் நமக்கு வரவேண்டிய சுகம் இது இல்லை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனவே வாயைப் பொத்திக்கொண்டு குளித்தார்கள்.

அடையாளம் இல்லாமலும் இல்லை. மலை மேல் பருப்பு வேக அரை நாள் ஆகும். அந்த நாட்களில் அடுப்பில் வைத்து வெற்றிலை போடுவதற்குள் குழைந்துவிட்டது. சரசக்கா அதையும் ராசிக் கணக்கில் சேர்த்தார். துணி சோப்பே இல்லாமல் நுரைத்தது. தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு தேத்தண்ணி மட்டும் மை மாதிரி கறுத்து, ருசியே இல்லாமல் இருந்தது. என் வீட்டுக்காரர், "தூளு மட்டமுங்கிறேன், நல்லதெல்லாம் பட்டாளத்துக்குப் போயிருது," என்று சண்டையின் தலையில் பழியைப் போட்டார். விடியும் முன் பைப் உள்ளே யாரோ தட்டுவது போல டொக் டொக்கென்று சத்தம் கேட்கும். அதைக் குளிரில் இரும்பு சுருங்குகிறது என்றார்கள். எதற்கும் ஒரு பதில் இருந்தது.

எனக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்டால், தீட்டுக் காலம் முடியும் வரை எனக்குத் தொழுகை இல்லை. தொழுகைக்கு முன் கை, வாய் கழுவிச் சுத்தம் செய்யும் ஒளுவும் இல்லை. குடித்ததெல்லாம் சுக்கும் மிளகும் போட்டுக் காய்ச்சிய கஷாயம். அதில் சோப்புக் கட்டியையே போட்டிருந்தாலும் தெரிந்திருக்காது. என் வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காரர், அதுவும் குன்னூர்ப் பள்ளிவாசல் தண்ணீர்த் தொட்டியான ஹவுஸில்தான் ஒளு செய்வார். மற்ற வீடுகளில் யாரும் பச்சையாக அந்தத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்க்க வேண்டிய சட்டம் இல்லை. பல் தேய்த்துக் கொப்பளித்தவர்களுக்கும் வாயில் உப்பும் கரியும்தான் இருந்தது.

எங்களுக்கு இருந்தது. சின்ன வயதில் பஜாரில் ஓதிக் கொடுத்த லெப்பை, மூங்கில் பிரம்பைத் தட்டித் தட்டிச் சொல்லித் தந்த பாடம் அது. நிறம், ருசி, வாடை. மூன்றில் ஒன்று மாறினாலும் அந்தத் தண்ணீர் ஒளுவுக்கு ஆகாது. முதலில் கையில் ஏந்திப் பார், பிறகு வாயில் கொப்பளி, பிறகு மூக்கில் இழு. தண்ணீரைச் சோதிக்கத்தான் அந்த வரிசையே என்பார். அதெல்லாம் சரியோ தப்போ, பாடம் என் நாக்கில் ஏறியிருந்தது.

அந்தக் காலை

தொழுகையை அப்படியே விட்டேன். பிள்ளையின் தலைமாட்டில் இருந்த சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணத்தை வெளியே கொட்டினேன். என் வீட்டுக்காரரை எழுப்பினேன்.

"ஏனுங்க, தண்ணி கெட்டிருக்குதுங்க. அதான் புள்ளைக்கு வயித்தால போகுது."

"ஊரே குளிக்குது, ஊரே குடிக்குது. உனக்கு மட்டும் கெட்டுப் போச்சாக்கும்," என்று போர்வையை இழுத்தார்.

"ஊருக்கு நாப்பது நாள் வயசா?"

அவர் பதில் சொல்வதற்குள் சரசக்கா வந்துவிட்டார், பிள்ளையைக் குளிப்பாட்ட. அவரிடமும் சொன்னேன். சொல்லிய விதம் நன்றாக இல்லை. எனக்கு எப்போதும் விஷயம் சரியாக இருக்கும், வாய்தான் முந்திக்கொள்ளும். "இனிமே இந்தத் தண்ணிய அவன் மேல ஊத்தாதீங்க. வாயிலயும் வெக்காதீங்க," என்றேன்.

அவர் முகம் சுண்டிப் போனது.

"நாப்பது நாளா ஊத்துன கை இது அம்மிணி. நானென்ன வெசத்தையா ஊத்துனேன்?"

"அப்படிச் சொல்லலீங்க்கா."

"வேறெப்படிச் சொன்னே? சூடாத்தானே வருது, எதுக்குக் காச்சறதுன்னு நாந்தான் சொன்னேன். நாந்தான் கரைச்சுக் குடுத்தேன்." எழுந்தவர் வாசலில் நின்று, "ராசிய வேண்டாங்கற வாயி என்ன வாயோ," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டு உட்கார நேரமில்லை. யூசுப்பைச் சால்வையில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். பிள்ளை எடையே இல்லாமல் இருந்தான். அது என்னை மிகவும் பயமுறுத்தியது.

கையால் தொட்டுப் போனது

பைப் வீட்டின் பின் சுவரில் இறங்கி, கால்வாய் ஓரமாகவே போகும். அதன் மேல் உள்ளங்கையை வைத்தேன். சூடு. கொஞ்சம் தள்ளி வைத்தேன். இன்னும் சூடு. சோலைப் பக்கமிருந்து வரும் தண்ணீர் என்றால், சோலையை நோக்கிப் போகப் போகச் சூடு அதிகமாக வேண்டும். ஊற்றில் யார் அடுப்பு மூட்டுவார்கள்?

பைப் இரண்டாகப் பிரியும் இடத்துக்கு வந்தேன். சோலையிலிருந்து இறங்கும் பைப்பைத் தொட்டேன். பல் கூசும் குளிர்ச்சி, மேலே பனி ஒட்டியிருந்தது. ஃபேக்டரிக்குப் போகும் பைப்பைத் தொட்டேன். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

அங்கேயே புரிந்துவிட்டது. ஃபேக்டரிக்குப் போக வேண்டிய தண்ணீர் போகவில்லை, அங்கிருந்து திரும்பி வருகிறது. நாங்கள் குடிப்பது ஊற்றுத் தண்ணீர் அல்ல.

இப்போதும் யாராவது தங்கள் வீட்டுக் குழாயைப் பற்றிப் புலம்பினால், முதலில் பைப்பைத் தொட்டுப் பார் என்பேன். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை, மேலிருந்து கீழே என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் மகன் வீட்டில் மோட்டாரை நிறுத்தியதும் மேல் தொட்டித் தண்ணீர் முழுதும் சரசரவென்று கிணற்றுக்கே திரும்பிப் போனது. இன்னொரு வீட்டில் மாட்டுத் தொட்டிக்குள் ரப்பர் குழாயை முக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். தெருவில் தண்ணீர் நின்றதும், பைப் அந்தத் தொட்டியை உறிஞ்சி அடுத்த வீட்டுச் சமையலறையில் கக்கியது. தண்ணீருக்குத் திசை கிடையாது, தள்ளுகிற பக்கம் போகும். எந்தப் பக்கம் அமுக்கம் அதிகமோ அது ஜெயிக்கும்.

பாயிலர் வாசலில்

ஃபேக்டரிக்குள் ஸ்டாஃப் வீட்டுப் பெண்கள் போகும் வழக்கமில்லை. நான் பாயிலர் ரூம் வாசலில் நின்றேன். பாயிலரைப் பார்த்துக்கொள்பவர் வர்கீஸ், கூடலூர்ப் பக்கத்துக்காரர். காலை நெருப்பைக் கிளற, கையில் கம்பியோடு உள்ளே நின்றிருந்தார்.

"ஸ்டோர் ஐயாவோட வீட்டிலயா? எந்தா இவ்விட?" என்றார் திகைத்து.

"இந்தப் பைப்பத் தொட்டுப் பாருங்க," என்றேன்.

தொட்டார். கம்பியைக் கீழே வைத்தார். பாயிலரின் பக்கத்தில் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயைக் குனிந்து பார்த்தார். பிறகு நெருப்பை இழுத்து வெளியே தள்ளத் தொடங்கினார்.

தினமும் காலையில் பாயிலரில் தண்ணீர் குறைந்திருக்கிறது. எங்கோ ஒழுகுகிறது என்று அவர் பாயிலரைச் சுற்றிச் சுற்றித் தேடியிருக்கிறார். ஒழுகியது எங்கள் சமையலறையில். மட்டம் இன்னும் இறங்கி, அது தெரியாமல் நெருப்பை ஏற்றினால் பாயிலர் வெடித்திருக்கலாம் என்று பின்னால்தான் சொன்னார்கள்.

நெருப்பு தணிந்து பாயிலர் ஆறிய பிறகு, ஃபேக்டரி ஆபீசர் முன்னால் அந்த வால்வைக் கழற்றினார்கள். என் வீட்டுக்காரரும் ஓடி வந்து நின்றார். செக் வால்வு என்று அதற்குப் பெயர். உள்ளே ஒரு சின்னப் பித்தளைக் கதவு. பம்பு தண்ணீரைத் தள்ளும்போது திறக்கும், பம்பு நின்றால் தானாகவே விழுந்து மூடிக்கொள்ளும். பாயிலர் தண்ணீர் திரும்பி வராமல் அதுதான் காவல். பக்கத்தில் கையால் மூடும் வால்வு ஒன்றும் உண்டு. கதவு தானே மூடுகிறதே என்று ராத்திரி அதை யாரும் மூடுவதில்லை.

பித்தளைக் கதவுக்கு அடியில் ஒரு புரி சணல் சிக்கியிருந்தது. கதவு முழுக்க மூடாமல் ஓர் இழை இடைவெளி. ராத்திரி பம்பு நின்றதும், நீராவி அமுக்கத்தில் பாயிலர் தண்ணீர் அந்த இடைவெளி வழியாகப் பின்னால் நுழைந்து, பைப்பில் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. பாயிலர் அரிக்காமல் இருக்க அதில் சலவைச் சோடா போடுவார்கள். பருப்பு குழைந்ததும், துணி நுரைத்ததும், என் பிள்ளை வாய் வெந்ததும் அதனால்தான்.

சணல் எங்கிருந்து வந்தது என்று ஆபீசர் கேட்டார். பம்பின் கழுத்தில் ஒழுகாமல் திணிப்பதற்கென்று சீமையிலிருந்து கயிறு வரும். சண்டையில் அது வரவில்லை. அதற்குப் பதிலாகச் சாக்குச் சணலைத் திரித்துக் கொடுத்திருக்கிறார்கள், கையெழுத்துப் போட்டு, ஸ்டோரிலிருந்து. அதில் ஒரு புரி பிய்ந்து தண்ணீரோடு போய்விட்டது.

என் வீட்டுக்காரர் அந்தச் சணல் புரியைக் கையில் எடுத்துப் பார்த்தார், அவர் கொடுத்ததுதான். ஆபீசர் திட்டவில்லை. வேறு கயிறு இல்லை என்பது அவருக்கும் தெரியும். கையால் மூடும் வால்வை இனி தினமும் மூட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ராசி போன வீடு

அடுத்த நாள் காலையில் வரிசை முழுக்கக் குழாயில் ஐஸ் வந்தது. அதற்கு நான்தான் காரணம். ஒருத்தி என் காதுபடவே, "இருந்த சுகத்தையும் போட்டுக் குடுத்துட்டா," என்றாள். நானும் சும்மா இருக்கவில்லை. "வேணும்னா பாயிலருக்குள்ளயே போயிக் குளிச்சுட்டு வா," என்றேன்.

ஆனால் பகலில் அப்படிப் பேசிவிட்டு, ராத்திரியில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அவன் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். தாய்ப்பாலைத் தவிர எதுவும் கொடுக்கவில்லை. குன்னூர் டாக்டரும் அதையேதான் சொன்னார். இருந்தும் வயிறு நிற்கவில்லை. உச்சிக்குழியைத் தொடவே எனக்குக் கை வரவில்லை. தண்ணீரைக் கண்டுபிடித்துவிட்டேன், பிள்ளைக்குக் காலம் கடந்துவிட்டதோ என்ற நினைப்பு என்னை விடவில்லை. என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்தால் பிள்ளை இருக்கும் அறைக்குள் வரமாட்டார். வாசலோடு நின்று, "எப்படி இருக்கான்?" என்று கேட்டுவிட்டு ஸ்டோருக்கே திரும்பிவிடுவார்.

சரசக்கா இரண்டு மூன்று நாள் வரவில்லை. அவர் வீட்டு அடுப்பு மட்டும் விடியும் முன்பே புகைந்தது.

பிறகு ஒரு காலையில் வந்தார். இடுப்பில் சாக்குச் சுற்றிய செம்புக் குடம், அதில் காய்ச்சிய ஊற்றுத் தண்ணீர். சோலை வரை ஏறிப்போய்த் தொட்டியிலேயே மொண்டு வந்திருந்தார். பலகையைப் போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. ஒரு கை அள்ளித் தான் ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

"புள்ளையக் குடு அம்மிணி," என்றார்.

கொடுத்தேன். குனிந்து குளிப்பாட்டிக்கொண்டே சொன்னார்: "பெத்தவ நீ, கேக்கறதுக்கு உனக்கு உரிமை இருக்குது. எனக்குப் புள்ள இல்லீல்ல, அதான் எங் கையச் சொன்னதும் சுருக்குனு ஆயிப்போச்சு."

"எம் புள்ளைக்குப் பாதி உசுரு உங்க கைதானுங்க்கா," என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அதன் பிறகு தினமும் வந்தார். ஒரு வாரம் போனது, இன்னும் கொஞ்சம் போனது. ஒருநாள் காலை பிள்ளையின் துணியை மாற்றப் போன சரசக்கா, "அம்மிணி, இங்க வா," என்று கூப்பிட்டார். குரலைக் கேட்டு ஓடினேன்.

துணியில் மஞ்சளாக, கெட்டியாக, கொஞ்சமாக.

பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நாங்கள் இருவரும் அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு கழுவ எடுத்தேன்.

"கழுவாத," என்றார் சரசக்கா. "அவிய வரட்டும். ஒருக்காப் பாத்துக்கட்டும்."

என் வீட்டுக்காரர் வந்தார். எப்போதும் போல வாசலில் நின்றார். சரசக்கா துணியை அவர் முன்னால் கொண்டுபோய் விரித்துக் காட்டினார். ஸ்டோருக்கு வந்த எந்தச் சரக்கையும் அவர் அப்படிக் குனிந்து பார்த்ததில்லை. பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்து, வழியில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க, துரையே வந்தாலும் எழுந்திருக்காதவர் போல அழுதார்.